இன்லேண்ட் லெட்டர் முதல் பேட்டர்ன் லாக் வரை: சந்தேகத்தின் ஒரு சின்ன வரலாறு

1/ மூக்கண்டப்பள்ளி. ஓசூர் சிப்காட்டை ஒட்டின ஏரியா. ஷிப்ட் விடுற நேரத்துல இங்க ரோட்டோரம் நின்னா தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலும் காதுல விழும். எல்லார் கையிலும் போன். ஐபோனுக்கான பாகங்களைச் செய்யற டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைகூட ஓசூர் பக்கம்தான் இருக்கு. இந்தத் த்ரெட் போனையும் கல்யாணத்தையும் பத்தினது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே.

2/ ஒரு நைட் டியூட்டி. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.) முப்பது வயசுக்குள்ள ஒரு பெண், இடது மணிக்கட்டு வீங்கி வந்தாங்க. "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு சார்"னு பதில் சொன்னது கூட வந்த கணவர். அவர் கையில ரெண்டு போன். ஒண்ணு அவரோடது. இன்னொண்ணுக்குப் பூப் போட்ட கவர்.

3/ எக்ஸ்ரே எடுக்கும்போது கணவரை வெளிய நிக்க வெச்சுட்டு சிஸ்டர் மெதுவா விசாரிச்சாங்க. நைட் ஷிப்டுக்குக் கிளம்புற நேரத்துல போனைக் கேட்டிருக்கார். இவங்க கொடுக்கல. கையைத் திருகிப் பிடுங்கியிருக்கார். "அப்படி என்னம்மா இருக்கு அதுல?"ன்னு கேட்டோம். "எங்கம்மாகிட்ட இவரு குடிக்கறதைச் சொல்லி அழுதிருந்தேன் சார். அதைப் படிச்சா இவருக்கு அவமானமா இருக்கும்னுதான் கொடுக்கல."

4/ எலும்பு உடையல. ஜவ்வுல காயம். கட்டுப் போட்டு, விபத்துப் பதிவேட்டுல "தெரிந்த நபரால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்"னு எழுதி, போலீஸுக்குத் தகவல் அனுப்பினோம். அப்ப கணவர் என்கிட்ட கேட்ட கேள்வியைத்தான் நீங்களும் பல வீடுகள்ல கேட்டிருப்பீங்க: "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன சார் ரகசியம்?" நம்ம நாட்டுச் சட்டம் இந்தக் கேள்வியோட 150 வருஷமா மல்லுக்கட்டுது. அந்தக் கதையை முதல்ல பார்க்கலாம்.

5/ 1872. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த இந்திய சாட்சியச் சட்டம் வருது. அதுல 122ஆவது பிரிவு: திருமண வாழ்க்கையில கணவனும் மனைவியும் ஒருத்தருக்கொருத்தர் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாம மற்றவர் கோர்ட்டில் வெளியிட முடியாது. ரெண்டு விதிவிலக்கு உண்டு. அவங்க ரெண்டு பேருக்கும் இடையிலேயே வழக்கு நடந்தா, அல்லது ஒருத்தர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றம்னா, இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த விதிவிலக்கை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில திரும்ப வரும்.

6/ அந்தக் காலத்துல ரகசியம் இருந்த இடம் கடிதம். 1964இல் பம்பாயிலிருந்து ஒரு கணவர், திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்த மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அதில் மாமனாரைப் பத்தி அவதூறு. மனைவி கடிதங்களை அப்பாகிட்ட கொடுக்க, அவர் மருமகன்மேல் வழக்குப் போட்டார். 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கடிதத்தில் இருப்பதை மனைவி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. ஆனால் வேறு வழியில் அந்தக் கடிதங்களை நிரூபிக்கத் தடை இல்லை. இன்னிக்கு ஸ்கிரீன்ஷாட்டுக்கு நடக்கிற சண்டை, அன்னிக்குக் கடிதத்துக்கு நடந்திருக்கு.

7/ அப்புறம் போன் வந்துச்சு. ஹால்ல ஒரே ஒரு லேண்ட்லைன், டயலுக்கு ஒரு சின்னப் பூட்டு. மனசு விட்டுப் பேசணும்னா எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கணும். உள்ள மீட்டர் ஓடும், வெளிய அடுத்த ஆள் நிப்பார். 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போச்சு. அதுக்கப்புறம் பேச்சு ஹாலை விட்டுச் சட்டைப் பைக்கும் தலையணைக்கு அடியிலயும் போயிடுச்சு.

8/ 1996 டிசம்பர் 18. பி.யு.சி.எல். தொடுத்த வழக்கில், சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் போனை ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையை மீறுவதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசாங்கத்துக்குச் சொன்னது. கட்டின கணவனே ஒட்டுக்கேட்டா? ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு அந்தக் கேள்வி வந்தது. மனைவி மற்றவர்களோடு போனில் பேசியதைக் கணவர் பதிவு செய்து விவாகரத்து வழக்கில் கொண்டுவந்தார். பதிவு உண்மையாகவே இருந்தாலும் ஏற்க முடியாது, கணவர் செய்தது சட்டவிரோதம்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு.

9/ இதுக்கு நடுவுல வாட்ஸ்அப். 2014 நவம்பர்ல நீல டிக் வந்தது. "பார்த்துட்டு ஏன் பதில் போடல?"ங்கற சண்டைக்கு வயசு அவ்வளவுதான். 2016இல், நம்ம செய்தியை அந்த கம்பெனியாலேயே படிக்க முடியாதபடி பூட்டுப் போட்டாங்க. ஆனா பக்கத்துல படுத்திருக்கிறவர் விரலைப் பிடிச்சு லாக் திறந்தா எந்தப் பூட்டும் நிக்காது.

10/ 2017 ஆகஸ்ட் 24. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி, ஆதாரை எதிர்த்து 2012இல் கோர்ட்டுக்குப் போன பெரியவர். நமக்கு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெங்களூர்க்காரர். 2024 அக்டோபர் 28 அன்று 98 வயதில் காலமானார்.

11/ சரியா ரெண்டு நாள் கழிச்சு, அக்டோபர் 30 அன்று, அவர் பெயரில் அமைந்த அந்தத் தீர்ப்பு நம்ம மதுரையில் ஒரு பெண்ணுக்குக் கை கொடுத்தது. பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு. கணவர், மனைவியின் கைபேசி அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆதாரமாக வைத்தார். மனைவி ஆட்சேபித்தார், அங்கே எடுபடல. மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த ஆதாரத்தை ஏற்க முடியாதுன்னு சொல்லிட்டார். அந்தரங்க உரிமைக்குள் கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கமும் அடங்கும், அதை மீறி எடுத்தது சாட்சியமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

12/ கதை அங்க முடியல. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் வேற திசையில் போச்சு. பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்ததை, நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு ஏற்றுக்கொண்டது. காரணம், நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அதே விதிவிலக்கு: கணவன் மனைவிக்கு இடையிலேயே வழக்குன்னா 122 தடுக்காது. (இப்ப புதுச் சட்டத்தில் அது 128ஆவது பிரிவு.) இதுக்கப்புறம் மதுரைத் தீர்ப்பின் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்னு வக்கீல்கள் பேசட்டும்.

13/ டாக்டரா என்னை நிறுத்தினது வேற ஒரு இடம். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு ஒரு திருமணம் வந்துவிட்டதென்றால், அதுவே உறவு முறிந்ததற்கான அறிகுறின்னு அந்தத் தீர்ப்பில் சொல்றாங்க. அறிகுறி! எங்க ஊர் வார்த்தை அது. காய்ச்சல் அறிகுறின்னா, தெர்மாமீட்டரைத் திரும்பத் திரும்ப வெச்சா காய்ச்சல் குறையாது. என்ன நோய்னு பார்க்கணும்.

14/ ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ 1604இல் மேடையேறுச்சு. நம்ம ஆட்களுக்கு 1963இல் 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி நடிச்ச ஒத்தெல்லோ காட்சி ஞாபகம் இருக்கும். அந்தக் கதையில் ஆதாரம் ஒரே ஒரு கைக்குட்டை. 1955இல் டாட், டியூஹர்ஸ்ட் என்ற இரண்டு மருத்துவர்கள், துணையின் நடத்தைமேல் வரும் தீராத சந்தேகத்துக்கு 'ஒத்தெல்லோ சிண்ட்ரோம்'னு பேர் வெச்சாங்க. நம்ம ஊர்ல சந்தேக நோய்னு சொல்வோம்.

15/ எல்லாச் சந்தேகமும் நோய் கிடையாது. எப்ப நோய்னு யோசிக்கணும்? ஆதாரம் இல்லைங்கறதே ஆதாரமாகும்போது. போன்ல ஒண்ணும் இல்லையா, "அழிச்சுட்டா". அழைப்பே வரலையா, "வேற நம்பர் இருக்கு". பார்த்ததும் பத்து நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடி பார்க்கணும். பையைச் சோதிப்பது, துணியைச் சோதிப்பது, வேலைக்குப் பின்னாடியே போவது, குழந்தையிடம் விசாரிப்பது. இது ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும்.

16/ இதுக்குப் பின்னாடி பல நேரம் நாள்பட்ட குடி இருக்கும். சிலருக்கு ஆண்மைக் குறைவு பற்றிய பயம், மனச்சோர்வு, மனச்சிதைவு, முதுமையில் மறதி நோய். பார்க்கின்சன் நோய்க்குத் தர்ற சில மாத்திரைகள்கூட இதைக் கொண்டுவரலாம். மருந்து இருக்கு, குடியை நிறுத்த சிகிச்சை இருக்கு, குணமானவங்களும் இருக்காங்க. சிகிச்சை எடுக்கலைன்னா ஆபத்து. அடி, கொலை, தற்கொலை வரைக்கும் போற நோய் இது. அதனாலதான் கைத்திருகலை நாங்க சின்னக் காயமா எடுத்துக்கறதில்ல.

17/ "அப்ப உண்மையிலேயே தப்பு நடந்தா?" நியாயமான கேள்வி. 2018இல் 497ஆவது பிரிவு ரத்தானதால் பிறன்மனை உறவு இப்ப கிரிமினல் குற்றம் இல்லை. ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக அது இன்னும் சட்டத்தில் இருக்கு. கேளுங்க, பேசுங்க, பிரியணும்னா வக்கீலைப் பாருங்க. தேவையான ஆதாரத்தைக் கோர்ட் மூலமாகவே கேட்டு வாங்க வழி இருக்கு. மணிக்கட்டைத் திருகுறதுக்கு எந்தச் சட்டத்திலும் வழி இல்லை.

18/ இந்த ஊர்ல இன்னொண்ணும் சேருது. அவருக்கு நைட் ஷிப்ட், இவங்களுக்குப் பகல் ஷிப்ட். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு வாரக்கணக்கா முகம் பார்த்துப் பேசாத ஜோடிகள் உண்டு. சொந்தக்காரங்க வேற மாவட்டத்துல. பேசாத இடத்தை மனசு தானா கதை கட்டி நிரப்பிக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி போனை மாத்திக்கற 'லவ் டுடே'யை 2022இல் தியேட்டர்ல சிரிச்சுக்கிட்டே பார்த்தோம். தினம் ராத்திரி அந்தப் பரீட்சை நடக்கிற வீட்டுல யாரும் சிரிக்கறதில்ல.

19/ அந்தக் கணவர்கிட்ட அன்னிக்கு நான் சொன்னது: "உங்க சம்சாரம் போனை மறைச்சது உங்க மானத்தைக் காப்பாத்த. இப்ப அது ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு." ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பூப் போட்ட போனை மேஜைமேல வெச்சார். குடிக்கும் சந்தேகத்துக்கும் சேர்த்து மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் அன்னிக்கே அம்மா வீட்டுக்குப் போனாங்க. அவர் முதல் தடவை மனநலப் பிரிவுக்கு வந்தார்னு தெரியும். அடுத்த தடவைக்கு வரணும். காத்துக்கிட்டிருக்கோம்.

20/ உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி இருந்தா: பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழ்லயே பேசலாம். சந்தேகம் உங்களுக்கே வருதுன்னா, துணையோட போனைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்த நம்பருக்குப் போடுங்க.