மூளைப் படமும் நோய்க்குறிகளும்: மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ்

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்பது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்கிச் சிதைப்பதால் உண்டாகும் நாட்பட்ட வியாதியாகும். 1868-ல் பாரிஸ் நகரத்துச் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தன் ஷார்கோ இதைத் தனியொரு நோயாக விவரித்த காலத்தில், நோயாளி உயிரோடிருக்கையில் கண்ட லட்சணங்களை, அவர் இறந்தபின் மூளையிலும் தண்டுவடத்திலும் கண்ட தழும்புகளோடு ஒப்பிடுவதன்றி வேறு வழியில்லை. 1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையினர் எம்.ஆர்.ஐ. படத்தில் இத்தழும்புகளைக் காட்டியபின், நோயின் கடுமையை இனிப் படத்தைக் கொண்டே அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அது பாதிதான் பலித்தது.

இத்தழும்புகள் படத்தில் வெண்திட்டுகளாகத் தெரியும். அத்திட்டுகள் நிறைந்த படத்துக்குரியவர் தடையின்றி நடமாடுவதும், சில திட்டுகளே உடையவர் கைத்தடியின்றி அடியெடுத்து வைக்க இயலாதிருப்பதும் மருத்துவர்கள் அடிக்கடி காணும் முரண்பாடு. இதற்கு முதற்காரணம் திட்டு அமைந்த ஸ்தானமே. மூளையின் உட்குழிகளை ஒட்டி எழும் திட்டுகள் பல, பெரியனவாயினும், யாதொரு குறியும் காட்டாமல் மௌனமாக இருந்துவிடும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் உளுந்தளவே உள்ள ஒன்றோ, தலையைக் குனிந்த மாத்திரத்தில் முதுகெலும்பு வழியே மின்சாரம் பாய்ந்தாற்போல் உடலை உலுக்கும். கண்ணசைவை இணைக்கும் மூளைத்தண்டு இழையில் அமைந்தால், ஒரு கண் பின்தங்கி, காண்பதெல்லாம் இரண்டாகத் தெரியும்.

மேலும், வீக்கம், உறையிழப்பு, மீண்டும் வளர்ந்த உறை, அறுந்துபோன இழை ஆகிய யாவும் வழக்கமான படத்தில் ஒரே வெண்மையாகவே தோற்றமளிப்பதால், எது ஆறிய புண், எது நிரந்தர நஷ்டம் என்று அந்நிறத்தைக் கொண்டு பிரித்தறிய இயலாது. வேறொரு வகைப் படத்தில் நீடித்துக் காணும் ‘கருந்துளை’களும், மூளை, சிறப்பாக அதன் ஆழத்திலுள்ள தலாமஸ், சுருங்குவதும் ஊனத்தோடும் நினைவுக் குறைவோடும் நெருங்கிய சம்பந்தமுடையவை. மூளைப் புறணியின் திட்டுகளோ பெரும்பாலும் சாதாரணப் படத்துக்குத் தப்பிவிடுகின்றன. ஊனத்தை அளக்க 1983-ல் கர்ட்ஸ்கே வகுத்த அளவுகோலும் நடையையே பெரிதும் மதிப்பிடுவது. சிந்தனைத் தளர்ச்சிக்கு அதில் இடம் சொற்பமே.

இவற்றால் படத்தின் பயன் குறைந்துவிடவில்லை. கடோலினியம் மருந்தைச் செலுத்தி எடுக்கையில் ஒளிரும் திட்டு, சில வாரங்களுக்குள் மூண்ட அழற்சியைக் காட்டும். வெளிப்படையான தாக்குதல்களைவிடப் புதிய திட்டுகள் பன்மடங்கு அதிகமாகத் தோன்றுவதால், சிகிச்சை பலிக்கிறதா என்பதை நோயாளி உணருமுன்பே படம் சொல்லிவிடுகிறது. 2001-ல் வகுக்கப்பட்ட மக்டொனால்டு நியதிகள் நோயை உறுதிசெய்வதில் அதற்கு உரிய இடம் தந்தன.

எனினும், படம் மாறவில்லை என்பதைக் கொண்டு நோயாளியின் களைப்பையும் மங்கலையும் வெறும் மனப்பிராந்தி என்று ஒதுக்குவது அநீதியாகும். வெந்நீரில் குளித்தெழுந்தவருக்கு ஒரு கண் மங்கி, உடல் குளிர்ந்தபின் பார்வை மீள்வதுண்டு. உறையிழந்த பழைய இழை வெப்பத்தில் செய்தி கடத்த முடியாமல் தடைப்படுவதே இதன் காரணமாதலால், அந்நேரத்தில் படம் எடுத்தாலும் புதிய திட்டு எதுவும் அதில் தென்பட வேண்டியதில்லை.