இசைக்குச் சொல் தந்தவர்: மெத்தஸ்தாசியோ



ஒபெரா எனப்படும் மேனாட்டு இசை நாடகத்தைப் பற்றிப் பேசுவோர் இசையமைத்தவரின் பெயரையே சொல்வர். பாட்டை யாத்துக் கொடுத்தவரைத் தேடுவோர் குறைவு. தமிழ் கற்பிப்பவன் என்பதனாற் போலும், எனக்குச் சொல்லின் சொந்தக்காரர் மீதே நாட்டம் அதிகம்.

உரோமாபுரியில் 1698 ஆம் ஆண்டு சனவரி 3 ஆம் நாள் பலசரக்குக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பியெத்ரோ திரபாசி. தெருவில் நின்று ஆசுகவி பாடிய இச்சிறுவனைக் கிரவினா என்ற சட்ட அறிஞர் தம்மோடு அழைத்துச் சென்று வளர்த்தார். 'கடந்து போதல்' எனும் பொருள் தொனித்த குடும்பப் பெயரைக் கிரேக்கமாக்கி 'மெத்தஸ்தாசியோ' என மாற்றினார். ஆசுகவி பையனின் உடல்நலத்தைக் கெடுக்கவே, அதனை நிறுத்தியவரும் அவரே.

1718 இல் கிரவினா காலமான பின், கவிஞர் நேப்பிள்ஸ் நகரை அடைந்தார். அங்கே 1724 இல் அரங்கேறிய 'கைவிடப்பட்ட டிடோ' அவருக்குப் புகழ் தேடித் தந்தது. டிடோவாகப் பாடியவர் மரியன்னா புல்காரெல்லி. கவிஞரின் உற்ற துணை. 1730 இல் கவிஞர் வியன்னா சென்று, பேரரசர் ஆறாம் சார்ள்ஸின் அரசவைக் கவிஞரானார். 1734 இல் இறந்த அப்பாடகி தம் சொத்தை அவருக்கு எழுதிவைத்திருந்தார். அவரோ அதனைப் பாடகியின் கணவருக்கே விட்டுக்கொடுத்தார். தாம் படைத்த உத்தம பாத்திரங்களைப் போலவே நடந்துகொண்டார் என்பேன்.

அவருடைய பாட்டின் அமைப்பைச் சற்று நோக்குவோம். கதையை நகர்த்துவது பேச்சோடு ஒட்டிய இசை. காட்சி முடிவில் பாத்திரம் இரண்டு சிறு கண்ணிகளைப் பாடும்; மீண்டும் முதற் கண்ணிக்குத் திரும்பி, அதனை அலங்கரித்துப் பாடிவிட்டு அரங்கை விட்டு நீங்கும். ஆகவே, தொடக்கமாக எழுதிய வரிகளே முடிவாகவும் நிற்க வேண்டும். இஃது எளிய வித்தையன்று! இவ்வாறு அவர் எழுதிய பெரும் இசை நாடகங்கள் 27. அவற்றுக்கு நூற்றுக்கணக்கானோர் மீண்டும் மீண்டும் இசையமைத்தனர்.

காலம் மாறிற்று. 1755 இல் பாரிஸில் அவருடைய நூல்களைப் பதிப்பித்த கல்சபிஜியே, 1762 இல் குளுக் என்பாருடன் சேர்ந்து அவ்வமைப்பை உடைத்துப் புதுவழி கண்டார். அதுவும் மெத்தஸ்தாசியோ வாழ்ந்த வியன்னாவிலேயே! 1782 இல் அந்நகரிலேயே அவர் மறைந்தார்.

அவர் 1734 இல் எழுதிய 'தித்துவின் கருணை' 1791 இல் மொசார்ட்டின் கைக்கு வந்தது. மத்சோலா என்பவர் மூன்று அங்கங்களை இரண்டாகக் குறைத்துக் கொடுத்தார். அதனை மத்சோலா உண்மையான ஒபெராவாக ஆக்கினார் என மொசார்ட் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.