சிறு நிலத்துக்கு ஏற்ற டிராக்டர் பிறந்த கதை

டிராக்டர் என்றால் பெரிய பண்ணைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. சிறு விவசாயி குதிரையையோ மாட்டையோ நம்பித்தான் உழ வேண்டும். ஆனால் குதிரை வேலை செய்யாத நாளிலும் தின்னும். அதன் தீவனத்துக்கே நிலத்தில் ஒரு பங்கு போய்விடும். இந்தக் கணக்கை மாற்றிக் காட்டியவர் ஹாரி பெர்குசன்.

இவர் 1884 ஆம் ஆண்டு அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப்போரின் போது, 1917 ஆம் ஆண்டு, அங்கிருந்த டிராக்டர்களின் செயல்பாட்டை மேம்படுத்தும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போதுதான் இரண்டு குறைகளை அவர் கவனித்தார்.

ஒன்று, எடை. டிராக்டர் கனமாக இருந்தால்தான் சக்கரம் வழுக்காமல் இழுக்கும். ஆனால் கனம் கூடினால் மண் இறுகிவிடும், விலையும் ஏறிவிடும். இரண்டாவது, ஆபத்து. பின்னால் கட்டி இழுக்கும் கலப்பை பாறையில் சிக்கினால், டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மீதே கவிழ்ந்துவிடும். இதில் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

இரண்டுக்கும் பெர்குசன் கண்ட தீர்வு ஒன்றுதான். கலப்பையைக் கட்டி இழுக்காமல், மூன்று இணைப்புத் தண்டுகளால் டிராக்டருடன் பொருத்தினார். ஹைட்ராலிக் விசை அதைத் தூக்கும், இறக்கும், ஆழத்தையும் சரிசெய்யும். கலப்பையின் எடையும் மண்ணின் எதிர்ப்பும் பின்சக்கரங்களின் மீது இறங்குவதால் இலகுவான டிராக்டருக்கும் நல்ல பிடிப்பு கிடைத்தது. மேல் தண்டு முன்னோக்கித் தள்ளுவதால் முன்பக்கம் தூக்குவதும் தடுக்கப்பட்டது. கலப்பையைத் தூக்கிக்கொண்டு சிறிய வயலிலும் எளிதாகத் திரும்ப முடிந்தது.

1938 ஆம் ஆண்டு பெர்குசனும் ஹென்றி ஃபோர்டும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லாமல் கைகுலுக்கியே கூட்டுச் சேர்ந்தனர். அடுத்த ஆண்டே ஃபோர்டு 9என் டிராக்டர் சந்தைக்கு வந்தது. ஆனால் ஃபோர்டின் பேரன் பொறுப்புக்கு வந்த பிறகு கூட்டு முறிந்தது. பெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952 ஆம் ஆண்டு 92.5 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. கையெழுத்து இல்லாத வியாபாரம் என்ன விலை கொடுக்க வைக்கும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இதற்கிடையே 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் டிஇ20 என்ற சாம்பல் நிற டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் இந்த டிராக்டர்களில்தான்!

1953 ஆம் ஆண்டு பெர்குசனின் நிறுவனம் மாஸி ஹாரிஸுடன் இணைந்தது. அதுவே பின்னர் மாஸி பெர்குசன் ஆனது. பெர்குசன் 1960 ஆம் ஆண்டு காலமானார். அதே ஆண்டில்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மாஸி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரிக்க வழி பிறந்தது.

இன்றும் சிறு நிலத்துக்கு டிராக்டர் வாங்குபவர் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். பெர்குசனின் வரலாறு சொல்லும் கேள்வி வேறு: அதன் பின்னால் எந்தெந்தக் கருவிகளைப் பொருத்தலாம்? எவ்வளவு எடையைத் தூக்கும்? நிலத்துக்குள் வேலை செய்வது கருவிதான். அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் டிராக்டரே சிறு விவசாயிக்கு லாபம்.