முகாமிலிருந்து குடியிருப்புக்கு: திருச்சிக் கல்லூரி ஆசிரியர்களின் சுகாதார, சூழல் பணி

உய்யக்கொண்டானைத் திருச்சியில் வாய்க்கால் என்பவரும் உண்டு, ஆறு என்பவரும் உண்டு. முதலாம் இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கிய இந்நீர்வழி பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிறது. புத்தூர் ஆறுகண், தென்னூர், பாலக்கரை என நகருக்குள் புகுந்து வெளியேறி, சுமார் 69 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியை அடைகிறது. பாசனத்துக்கு வெட்டிய கால்வாய் நகருக்குள் சாக்கடையையும் சுமக்கத் தொடங்கியபின், அதன் நீரைச் சோதித்து ஆய்வேடு எழுதாத அறிவியல் துறை திருச்சிக் கல்லூரிகளில் அரிது. அந்த ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நூலக அலமாரிக்குப் போய்விடுகின்றன. கரையில் குடியிருப்பவருக்கும் அவற்றுக்கும் இடையில் உள்ள தொலைவு எப்படி உண்டாயிற்று, எங்கெல்லாம் அது குறைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆசிரியரும் மாணவரும் ஊருக்குள் செல்வது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சௌந்திரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956-இலேயே கிராமியக் கல்வி நிறுவனம் உருவாகிவிட்டது. மற்ற கல்லூரிகளுக்கு வழி திறந்தது 1969-இல் வந்த நாட்டு நலப்பணித் திட்டம். நூறு மாணவருக்கு ஒரு பேராசிரியர் திட்ட அலுவலர். மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி. அத்துடன் தத்தெடுத்த கிராமத்தில் சிறப்பு முகாம். சாலை போடுவது, குளம் தூர்வாருவது, கண் பரிசோதனை, மரக்கன்று நடுவது என்று அந்த நாள்கள் கழியும். முகாமைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நகரத்துப் பிள்ளைகள் பலர் கிணற்றடியையும் கழிப்பறை இல்லாத வீட்டையும் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். ஆனால் முகாம் முடிந்த மறுநாள் ஊர் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அத்திட்டத்தின் அமைப்பில் இடம் இருக்கவில்லை.

1977-ஐ ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு விரிவாக்கமும் உயர்கல்வியின் மூன்றாவது கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு கொள்கையாக அறிவித்தது அப்போதுதான். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொறுப்பேற்கும் திட்டம் தொடங்கியதும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி கே.வி. குப்பத்தில் ‘ருசா’ என்ற ஊரக சுகாதார மையத்தை நிறுவியதும் அதே ஆண்டில். ஆரம்ப சுகாதாரம் குறித்த உலக மாநாடு அல்மா-ஆட்டாவில் அடுத்த ஆண்டு கூடியது. ஆரம்ப சுகாதாரம் என்ற எண்ணம் உலகெங்கும் வலுத்திருந்த அந்தக் காலத்தில், வகுப்பறைக்குள்ளேயே இருந்துவிடுவது பேராசிரியருக்குக் குறைவாகத் தோன்றியது.

திருச்சியில் இதை ஆழமாக ஏற்றது தூய வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிக்கு வந்த இக்கல்லூரி 1978-இல் தன்னாட்சி பெற்றது. இந்தத் தன்னாட்சியை வெறும் நிர்வாகச் செய்தியாக ஒதுக்கிவிடக் கூடாது. பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்ததால்தான், 1980-களில் உருவான ‘ஷெப்பர்டு’ விரிவாக்கத் துறை ஊர்ப்பணியை எல்லா மாணவருக்கும் மதிப்பெண் உள்ள பாடமாக்க முடிந்தது. விருப்பமுள்ளவர் மட்டும் வருகிற முகாமுக்கும், துறை ஆசிரியர் ஆண்டுதோறும் அதே ஊருக்குத் திரும்புகிற ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அக்கல்லூரி வளாகத்திலேயே வேறொரு வகைப் பணியும் நடந்தது. தாவரவியல் அறிஞரான இயேசு சபைத் துறவி கே.எம். மேத்யூ 1967-இல் இராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவினார். தமிழ்நாட்டுச் சமவெளியின் செடிகொடிகளை அவரும் மாணவரும் ஊர் ஊராய்ச் சேகரித்ததன் விளைவாக 1981 முதல் பல தொகுதிகளாக ஒரு பெருந்தாவரநூல் வெளிவந்தது. பழனிமலைத் தாவரநூல் 1999-இல் வந்தது. பழனிமலையில் பிறக்கும் ஓடைகளில் பல அமராவதி வழியே கரூரருகே காவிரியில் சேர்கின்றன. மலைச்சோலை அழிந்தால் அதன் பாதிப்பு கீழே நம்மூர் ஆறுவரை வரும். மேத்யூ விட்டுச் சென்ற உலர்தாவரத் தாள்கள் இன்றும் காடு மீட்போருக்கு ஆதாரமாகின்றன. சுகாதாரப் பணி என்றதும் இவரை யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

1990-களில் இந்த ஊர்ப்பணி கல்லூரிச் சுவரைத் தாண்டியது. 1980-இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருந்தனர். 1974 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்த புதுக்கோட்டையில் 1991-இல் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்கு அவர்களும் தோள்கொடுத்தனர். எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் அதிலேறித் தண்ணீருக்கும் வேலைக்கும் போனார்கள். எழுத்தறிவிலிருந்து நலவாழ்வுக்கு நகர்ந்த அந்த அனுபவமே பின்னர் குழந்தைகளின் எடையை ஊராரே பதிவு செய்யும் ‘ஆரோக்கிய இயக்கம்’ ஆயிற்று.

திருச்சி நகரின் துப்புரவு வரலாற்றில் முன்னணியில் நின்றவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கிராமாலயா, ஸ்கோப் போன்ற தொண்டு நிறுவனங்களும் குடிசைப்பகுதிப் பெண்களும்தான். 2000-ஐ ஒட்டி, பாழடைந்து கிடந்த பொதுக் கழிப்பிடங்களை மகளிர் குழுக்கள் ஏற்றன. சிறு கட்டணம் வாங்கி, கணக்கு எழுதி, துப்புரவாளருக்குச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைத் தெருவுக்கே செலவிட்டன. கல்மந்தை திறந்தவெளி மலங்கழித்தல் இல்லாத குடிசைப்பகுதி ஆனது இப்படித்தான். முசிறியில் ஸ்கோப் கட்டிய சூழல் கழிப்பிடம் பயன்படுத்துவோருக்கே காசு கொடுத்தது. அங்கே சேரும் சிறுநீர் பயிருக்கு உரமாகுமா என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பொருளும் ஆயிற்று. ஸ்கோப்பின் சுப்புராமன் 2021-இலும், கிராமாலயாவின் தாமோதரன் 2022-இலும் பத்மஸ்ரீ பெற்றனர். மக்கள் முதலில் ஒன்றைச் செய்து காட்ட, ஆய்வாளர் பின்னால் வந்து அளந்த வரிசை இது. இதில் கல்வியுலகம் வெட்கப்பட எதுவுமில்லை. கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

கற்றுக்கொள்ள விடாமல் தடுத்தது ஆசிரியரை மதிப்பிடும் முறை. 2010-இல் மானியக் குழு கொண்டுவந்த புள்ளிக் கணக்கில் விரிவாக்கப் பணி மாணவர் நிகழ்ச்சிகளோடு சேர்ந்து ஒரு பிரிவில் அடங்கியது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குத் தனிப் பிரிவே கிடைத்தது. ஓர் இளம் உதவிப் பேராசிரியர் உய்யக்கொண்டான் நீரைச் சோதித்து ஆங்கிலத்தில் கட்டுரை வெளியிட்டால் பதவி உயர்வுக்கு உதவியது. அதே முடிவைத் தென்னூர் உழவர் சந்தையில் தமிழில் விளக்கிப் பேசினால் அவ்வளவாக உதவவில்லை. அலமாரிக்கும் கரைக்கும் இடையிலான தொலைவுக்கு ஆசிரியரின் மனநிலையைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம்.

2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான், அதில் சேரும் உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கிராமங்களுக்கான திட்டம். கல்லூரி வாசலிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஓடும் உய்யக்கொண்டானும், அதன் கரையில் கொசுவோடு குடியிருக்கும் தென்னூர் வீடுகளும் அந்த எல்லைக்குள் வருவதில்லை.