வாரியலுக்கு ஒரு வாரிசு

லீஃப் ப்ளோயர்னு ஒரு சாமான். தமிழ்ல 'இலையூதி'ன்னு வச்சுக்குவோம், நல்ல பேர் கிடைச்சா சொல்லுங்க, மாத்திடலாம். பார்க்க ஹேர் டிரையருக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும். பின்னாடி பேட்டரியை மாட்டி விசையை அமுக்கினா முன்னாடி குழாய்ல இருந்து பேய்க்காத்து கிளம்பும். காய்ஞ்ச இலை, தூசி, பஸ் டிக்கெட், எல்லாம் ஓடும். ஆன்சைட் போன நம்ம மக்களுக்கு இது நல்லாவே தெரியும். காலங்காத்தால தூங்க விடாம ஜன்னலுக்குக் கீழே ஒருத்தர் முதுகுல மெஷினை மாட்டிக்கிட்டு 'ங்ங்ஙொய்ய்'னு சுத்துவாரே, அதேதான். நான் சொல்றது அதுக்குத் தம்பி. வயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது.

சங்கரன்கோவில்ல எங்க வீட்டுக்கு இது வந்து ஒரு மழைக்காலமும் ஒரு பங்குனியும் ஆச்சு. வாசல்ல ஒரு வேப்பமரம். மாசி கடைசில இலை உதிர ஆரம்பிச்சா காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தூத்தணும். அம்மாவுக்கு வயசு 58. இடது கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, வலது கைல ஈர்க்கு வாரியலோட குனிஞ்சே தெருமுனை வரைக்கும் போற காட்சி எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இருக்கு. இப்ப எல்-4, எல்-5ன்னு டாக்டர் என்னமோ நம்பர் சொல்றார். அதுக்காகத்தான் வாங்கினேன்.

முதல் நாள் ஓட்டினப்ப எதுத்த வீட்டு மாமா கேட்டது: "என்னல மருமவனே, வேம்புக்கு மருந்தடிக்கியா?" அவருக்கு மானாவாரியில பருத்தி போட்ட அனுபவம். அவர் கண்ணுக்கு இது பூச்சிமருந்து மெஷினாத்தான் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் சிரிச்சோம். ஆனா வரலாறு பூரா அந்தக் கேள்விக்குள்ள இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1950களோட கடைசில அமெரிக்காவுல விவசாயத்துக்குன்னு ஒரு மெஷின் வந்தது. முதுகுல சுமந்துக்கிட்டு போறது. உள்ளே ஒரு விசிறி, மேலே ஒரு மருந்து டப்பா. விசிறி அடிக்கிற காத்துல மருந்து கலந்து செடி மேல படியும். நம்ம பக்கம் பருத்திக்கும் மிளகாய்க்கும் அடிக்கிறாங்களே, அந்தப் பவர் ஸ்பிரேயரோட ஜாதி. வாங்கினவங்க கொஞ்ச நாள்ல என்ன பண்ணாங்கன்னா, மருந்து டப்பாவைக் கழட்டிப் போட்டுட்டு வெறும் காத்தை மட்டும் வச்சு முற்றத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. கம்பெனிக்காரங்க இதைக் கவனிச்சு, டப்பா இல்லாமலே விற்க ஆரம்பிச்சாங்க. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! ஜப்பான்ல விவசாயத் தெளிப்பான்கள் செஞ்சுக்கிட்டிருந்த கியோரிட்ஸ் கம்பெனி, எக்கோங்கிற பேர்ல 1970கள்ல இதை அமெரிக்கா பூரா கொண்டுபோச்சு. நாம எழுதற சாஃப்ட்வேர்ல இப்படி நடந்தா, 'யூசர் நம்ம ஃபீச்சரைத் தப்பா யூஸ் பண்றான்'னு பக் ரிப்போர்ட்டை மூடியிருப்போம் :-)

ஆனா காத்தை வேலைக்கு வச்சது அமெரிக்காக்காரன் இல்லை. எங்க ஊர்ல பெருக்குறதைத் 'தூத்துறது'ம்பாங்க. களத்துல சுளகை உயரத் தூக்கிப் பதரைக் காத்துல விடுறதுக்கும் 'தூத்துறது'தான். ரெண்டுக்கும் எங்க ஊர் வாயில ஒரே சத்தம். காத்து வராத நாள்ல களத்துல உட்கார்ந்து காத்துக்கிட்டிருக்கணும். அந்தக் காத்திருப்பு பிடிக்காத சீனாக்காரன் மரப்பெட்டிக்குள்ள விசிறியை வச்சு, கையால சுத்தற பிடி போட்டு, வேணுங்கிறப்ப காத்து வர வச்சான். ஹான் வம்சத்துக் கல்லறைகள்ல அந்தப் பெட்டியோட களிமண் பொம்மைகள் கிடைச்சிருக்கு. கிட்டத்தட்ட 2000 வருஷம் பழசு. ஐரோப்பாவுக்கு அது போய்ச் சேர்ந்ததே 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துலதான். என் கைல இருக்கிற சாமான்ல அந்தப் பிடிக்குப் பதிலா மோட்டார். மத்தபடி அதே பெட்டி, அதே விசிறி.

இந்த இலையூதி அமெரிக்காவுல கால் ஊன்றினதுக்கு ஒரு காரணம் தண்ணி. 1976-77ல கலிஃபோர்னியாவுல கடும் வறட்சி. அதுவரைக்கும் ஹோஸ் பைப்பைப் பிடிச்சு நடைபாதையைக் கழுவி விட்டவங்களுக்குத் தண்ணிக் கட்டுப்பாடு வந்தது. தண்ணிக்குப் பதிலா காத்து. 1990 வாக்குல அமெரிக்காவுல வருஷத்துக்கு 8 லட்சத்துக்கு மேல வித்திருக்கு. நம்ம முறை இதுக்கு நேர் எதிர். வாசல் தெளிக்காம எங்க ஊர்ல யாரும் தூத்த மாட்டாங்க. தெளிச்சாத்தான் புழுதி அடங்கும். இந்த மெஷினோ புழுதியைக் கிளப்பி விட்டுத்தான் வேலையே ஆரம்பிக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த இடத்துக்கு வரேன். 1975. கலிஃபோர்னியா. ஒரே மாநிலம், ஒரே வருஷம், ரெண்டு தடை.

முதல் தடை குட்டைப்பிடி மண்வெட்டிக்கு. 'எல் கோர்ட்டிட்டோ'ன்னு பேர், ஸ்பானிஷ்ல 'குட்டையன்'னு அர்த்தம். லெட்டூஸ், சர்க்கரை பீட்ரூட் வயல்கள்ல மெக்சிகோவுல இருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் நாள் முழுக்க இடுப்பை மடக்கிக் கொத்தணும். நீளப்பிடி கொடுத்தா நிமிர்ந்து நின்னே கொத்தலாம். ஆனா முதலாளிங்க தரலை. எவன் குனிஞ்சிருக்கான், எவன் நிமிர்ந்து சும்மா நிக்கறான்னு தூரத்துல இருந்தே பார்க்க முடியாதே! சீசர் சாவேஸ் மாதிரியான தலைவர்களே இந்த மண்வெட்டியில முதுகைத் தொலைச்சவங்கதான். பல வருஷம் வழக்கு நடந்து 1975ல மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பு சொன்னது. குட்டையன் ஒழிஞ்சான்.

ரெண்டாவது தடை இலையூதிக்கு. கார்மல்னு கடலோரத்துல ஒரு அழகான, பணக்காரச் சின்ன ஊர். 'சத்தம் தாங்கலை'ன்னு 1975ல தடை போட்டாங்க. கொஞ்ச வருஷத்துல பெவர்லி ஹில்ஸும் அதே வழி.

முதல் தடை வேலை செய்யறவனோட முதுகுக்காக. ரெண்டாவது, வேலை செய்யச் சொல்றவனோட காதுக்காக. காதுக்கு உடனே கிடைச்சது, முதுகுக்குப் பல வருஷம் ஆச்சு. சத்தம் சின்ன விஷயம்னு நான் சொல்லலை. பெட்ரோல் இலையூதியோட சத்தம் உண்மையிலேயே கொடுமை, அதை முதல்ல வாங்கறதும் சுமக்கறவனோட காதுதான். ஆனா அவனைக் கேட்டு யாரும் சட்டம் போட்டதில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ்ல இது வெடிச்சது. வீடுகளுக்கு 500 அடிக்குள்ள பெட்ரோல் இலையூதி கூடாதுன்னு 1996ல சட்டம் கொண்டுவந்து, 1998ல அமலுக்கு வந்தது. சட்டம் வேணும்னு பேசினவங்கள்ல சினிமா முகங்கள் உண்டு. 'மிஷன் இம்பாசிபிள்' டிவி தொடர்ல நடிச்ச பீட்டர் கிரேவ்ஸ், பழைய 'பேட்மேன்' தொடர்ல கேட்வுமனா வந்த ஜூலி நியூமர். எதிர்ப்பக்கம் லத்தீன் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சங்கம். ஒரு நாளைக்கு எத்தனை வீடு முடிக்கிறாங்களோ அதுதான் அவங்க கூலி. வாரியலைப் பிடிச்சா வீடு எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். 1998 ஜனவரியில நகர மன்றத்துக்கு வெளியே உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. கேட்வுமனுக்கு எதிரா உண்ணாவிரதம்! எழுதறப்ப சிரிப்பு வருது, உட்கார்ந்தவங்களுக்கு வந்திருக்காது.

இதுல பேட்டரி எங்க வருது? வயர் இல்லாத டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் 1961லயே கொண்டுவந்துட்டாங்க. ஆனா நிக்கல் காட்மியம் பேட்டரியால காத்தடிக்கிற வேலையை இழுக்க முடியாது. துளை போடறது சில விநாடி வேலை, காத்தடிக்கிறது விடாம தின்னும். சோனி 1991ல லித்தியம் அயான் பேட்டரியைக் கேமராவுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்து, 2005 வாக்குல அது பவர் டூல்ஸுக்குள்ள நுழைஞ்சப்புறம்தான் இலையூதிக்கு வழி பிறந்தது. அந்த பேட்டரிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும் 2019ல நோபல் கிடைச்சது. குட்இனஃப்புக்கு அப்ப 97 வயசு.

வாங்க நினைக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கணக்கு. டப்பாவுல '20 வோல்ட்'னு கொட்டை எழுத்துல இருக்கும். உள்ளே 5 செல். ஒரு செல் சாதாரணமா 3.6 வோல்ட், ஆக 18தான். முழுசா சார்ஜ் ஏறின கணத்துல ஒரு செல் 4 வோல்ட்டைத் தொடும், அந்தக் கணத்தைப் பிடிச்சு 20ன்னு போட்டுக்கறாங்க. 2 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா 36 வாட்-அவர். முழு வேகத்துல 200 வாட் இழுத்தா பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். கரண்ட் செலவு ஒண்ணுமே இல்லை, ஒரு யூனிட்ல 25 தடவை சார்ஜ் போடலாம். அதுலயும், ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்துல எங்க பக்கத்துக் காத்தாலைகள் சுத்தி, அந்தக் கரண்ட்ல பேட்டரி சார்ஜ் ஆகி, அதுல இருந்து மறுபடி காத்து! அம்மியே பறக்கிற ஆடிக்காத்துல இலையூதிக்கு வேலை கிடையாதுங்கிறது தனிக்கதை. நீங்க இந்தப் பக்கம் ஊதினா அது அந்தப் பக்கம் ஊதும்.

எங்க வீட்டு அனுபவம்: சிமெண்ட் தளம், மாடிப்படி, மொட்டை மாடி, ஜன்னல் கம்பி, இதுக்கெல்லாம் அருமை. மண் வாசலுக்கு ஆகாது, கோலப்பொடியும் சேர்ந்து பறக்கும். நனைஞ்ச வேப்பம்பூ ஒட்டிக்கிட்டு நகரவே நகராது. இலையைச் சுவரோரம் ஒதுக்கலாம், அதுக்கப்புறம் குனிஞ்சு அள்ளித்தான் ஆகணும். அம்மா மாடிக்கு மட்டும் இதை எடுத்துக்கறாங்க. வாசலுக்கு இப்பவும் வாரியல்தான். "தெளிச்சுத் தூத்தாம என்னய்யா வாசல்?"ங்கிறாங்க. வாரியலுக்கு நீளமா ஒரு கம்பு கட்டிக் கொடுத்திருக்கேன். மெஷினை விட அதுதான் முதுகுக்கு உதவுதுன்னு அவங்களே சொல்றாங்க.

தூத்துறதுக்கு நம்மகிட்ட ரெண்டு மரியாதை இருக்கு, கவனிச்சிருக்கீங்களா? திருநாவுக்கரசர் கைல உழவாரம். அவர் அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகினதைப் பெரியபுராணம் பக்தியா சொல்லுது. கோயில்ல அதுக்குப் பேர் 'திருவலகு'. கோயில் மதிலைத் தாண்டித் தெருவுக்கு வந்துட்டா அதே வாரியல் வசவாயிடும், அதைப் பிடிக்கிறவங்களுக்குச் சாதிப் பேர் வந்துடும். ஆடித்தபசுக்கு கோமதியம்மனைப் பார்க்க எங்க ஊரே கொள்ளாத கூட்டம் வரும். மறுநாள் காலைல ரதவீதியில தொன்னை, பூ, பாலிதீன் எல்லாத்தையும் குனிஞ்சு கூட்டி அள்ளறது துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள்.

எங்க தெருவுக்கு வர்ற அக்கா ஒரு நாள் மெஷினைக் கைல வாங்கிப் பார்த்தாங்க. அமுக்கினாங்க, இலை பறந்ததைப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம், "இது எவ்வளவு நேரம்யா ஓடும்?"னாங்க. பத்து நிமிஷம்னேன். "நமக்கு ஏழு தெரு இருக்கே"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

தோட்டக்காரர்களோட சிக்கலும் இதேதான். வாஷிங்டன் நகரத்துல பெட்ரோல் இலையூதிக்கு 2022 ஜனவரி 1 முதல் தடை. கலிஃபோர்னியாவுல 2021ல ஒரு சட்டம் வந்து, 2024க்கு அப்புறம் தயாராகற சின்ன பெட்ரோல் எஞ்சின் மெஷின்களைப் புதுசா விற்க முடியாத நிலை. காரணம் இந்தத் தடவை சத்தம் மட்டும் இல்லை, புகை. நல்லா விற்கிற ஒரு தொழில்முறை பெட்ரோல் இலையூதியை ஒரு மணி நேரம் ஓட்டினா வர்ற மாசு, 2017 மாடல் கேம்ரி காரை 1,100 மைல் ஓட்டினதுக்குச் சமம்ங்கிறது அந்த மாநில காற்று வாரியத்தோட கணக்கு. சங்கரன்கோவில்ல இருந்து சென்னை போய், திரும்பி வந்து, மறுபடியும் போற தூரம். அந்தப் புகைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற மூக்கு யாரோடதுன்னு சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க வேலை செய்யணும்னா ஒரு பேட்டரி பத்தாது, ஒரு மூட்டை பேட்டரி வேணும், மெஷினை விட அதுக்குத்தான் காசு. இந்தத் தடவை சட்டத்தோட சேர்த்து, சின்னத் தோட்டத் தொழில் செய்யறவங்க பேட்டரி மெஷினுக்கு மாற 3 கோடி டாலரும் ஒதுக்கினாங்க. 1998ல உண்ணாவிரதம் உட்கார்ந்தவங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடைக்கலை.