ஆயா பாதியில விட்ட கவுதி

இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி, நிறைய வரலாறு. ஊசி நூல் சமாச்சாரம்னு ஆம்பளைங்க யாரும் ஓடிடாதீங்க, தைச்சதே நான்தான் :-)

போன பொங்கலுக்கு முன்னாடி கம்பைநல்லூர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரண்ல இருந்ததை எல்லாம் இறக்கினோம். ஆயாவோட தகரப் பெட்டிக்கு அடியில ஒரு மூட்டை. பிரிச்சா, பழைய துணிகளை அடுக்கி வச்சுக் கையால நூல் ஓட்டின விரிப்பு. ஒரு மூலையை எலி கடிச்சிருந்துச்சு. பாதி வரைக்கும்தான் தையல். மீதி, துணி நகராம இருக்க நீள நீளமா ஓட்டின நூலோட நின்னிருந்துச்சு. தையல் முடிஞ்ச இடத்துல ஊசி, குத்தினது குத்தினபடி, துருப்பிடிச்சு.

ஆயா பொறந்த ஊரு தேன்கனிக்கோட்டை பக்கம். வீட்டுல கன்னடம் பேசறவங்க. இந்த மாதிரி விரிப்பைக் கவுதின்னுதான் சொல்லுவாங்க. வட கர்நாடகத்துல கௌதி, மகாராஷ்டிரத்துல கோதடி, சிந்துல ரல்லி, வங்காளத்துல கந்தா. பேருதான் வேற. கட்டிக் கட்டி நைஞ்ச நூல் புடவையையும் வேட்டியையும் அடுக்கி, நெருக்கமா ஓட்டுத் தையல் போட்டா ஒரு போர்வை. நாம கந்தல், கந்தைன்னு சொல்றோமே, அதுவும் வங்காளத்துக் கந்தாவும் ஒரே சம்ஸ்கிருதச் சொல்லுல இருந்து வந்ததுதான்னு சொல்றாங்க. நாம கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னதோட நிறுத்திக்கிட்டோம். அவங்க அதுல யானை, குதிரை, தேர், தாமரைன்னு தைச்சு அருங்காட்சியகத்துக்கே அனுப்பிட்டாங்க.

வங்காளத்துல இதைத் தேடித்தேடிச் சேர்த்தவர் குருசதய் தத். ஐ.சி.எஸ். அதிகாரி. அவர் சேர்த்ததெல்லாம் கொல்கத்தா பக்கத்துல அவர் பேர்லயே இருக்கற அருங்காட்சியகத்துக்குப் போச்சு. அதுல மானதாசுந்தரின்னு ஒரு பெண் தைச்ச கந்தா ரொம்பப் பிரபலம். தன் அப்பாவுக்காகத் தன் கையால தைச்சதுன்னு துணியிலேயே எழுத்தா தைச்சு வச்சிருக்காங்க. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939ல கந்தாவைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுக்கப்புறம் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் இதைக் கவனிக்க ஆரம்பிச்சாங்க.

அதுக்கெல்லாம் முன்னாடியே வெளிநாட்டுக்காரன் நம்ம துணியை விட்டு வைக்கலை. 17, 18ம் நூற்றாண்டுகள்ல சோழமண்டலக் கரையில இருந்து சீட்டித் துணி கப்பல் கப்பலா ஐரோப்பா போச்சு. உள்ளூர் நெசவுக்காரங்க கூச்சல் போட, பிரான்ஸ் 1686ல தடை போட்டுது. இங்கிலாந்து 1721ல கட்டவே கூடாதுன்னு சட்டம் கொண்டு வந்து, 1774லதான் தளர்த்துச்சு. இங்கிலாந்துல லெவன்ஸ் ஹால்னு ஒரு பழைய மாளிகை. அங்க 1708 வாக்குல தைச்ச ஒட்டுத்துணிப் போர்வை இருக்கு, துணி இந்தியச் சீட்டி. துண்டைக்கூட வீணாக்காம வெட்டி ஒட்டித் தைச்சிருக்காங்க.

இப்ப நம்ம மூட்டைக்கு வர்றேன். இங்கிலாந்து ஒட்டுத்துணி வேலையில ஒவ்வொரு துண்டையும் காகித அச்சு மேல மடிச்சுத் தைப்பாங்க. வேலை முடிஞ்சதும் காகிதத்தை உருவிடறது வழக்கம். பாதியில நின்னதுல காகிதம் அப்படியே தங்கிடும். பழைய கடுதாசி, கணக்குச் சீட்டு, செய்தித்தாள். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அது புதையல், எந்தக் காலம், எப்படிப்பட்ட வீடுன்னு சொல்லிடும். 1718ன்னு வருஷம் தைச்ச ஒரு பட்டு விரிப்புலயும் அந்தக் காகிதங்கள் உள்ளேயே இருக்கு. முடிச்ச போர்வை மேல்பக்கத்தை மட்டும் காட்டும், முடிக்காதது வயித்தையே திறந்து காட்டும்.

நானும் வயித்தைப் பார்த்தேன். உள் அடுக்குல மைதா மாவு மூட்டைத் துணி, அச்சு எழுத்து மங்கலா. தாத்தாவோட வேட்டி. அப்பாவோட காக்கி டவுசர் துண்டு. மேல பச்சையும் அரக்குமா சுங்குடி. பெரிய ஆள் போர்த்தற அளவே இல்லை. "ஆயாவுக்குக் கண்ணு மங்கிப் போய் விட்டிருக்கும்"னு நானே ஒரு வரலாறு எழுதிட்டேன்.

அத்தை வந்தாங்க. விரிப்பைப் பார்த்ததும் உக்காந்துட்டாங்க.

"இது எங்கடா இருந்துச்சு?"

"பரண்ல அத்தே. பெருசாத் தைக்க ஆரம்பிச்சு விட்டுட்டாங்களா?"

"பெருசு இல்ல கண்ணு. தொட்டில்ல விரிக்கறதுக்கு. என் மொதப் பிள்ளைக்கு."

1978. அந்தப் பிள்ளை தங்கலை. அதுக்கப்புறம் அத்தைக்குப் பிள்ளையே இல்லை. ஆயா ஊசியைக் கூட உருவாம சுருட்டி வச்சுட்டாங்க. 1991ல அவங்க போற வரைக்கும் வீட்டுல யாரும் அதைப் பத்திப் பேசினதில்லை.

நான் சாமர்த்தியமா எழுதின கண்ணு மங்கின கதை அதோட முடிஞ்சுது. துணியோட வயசை மாவு மூட்டை சொல்லும். ஏன் நின்னுச்சுன்னு ஆள்தான் சொல்லணும். ஜசிமுத்தீன் 1929ல எழுதின வங்காளக் கதைக்கவிதையில ஒரு பெண் புருஷனுக்காகக் காத்திருந்து தன் கதையையே கந்தாவில தைப்பா, அதைத் தன் சமாதி மேல போடச் சொல்வா. அது கதைதானேன்னு நினைச்சிருந்தேன்.

தூக்கி உள்ளே வச்சுடலாம்னுதான் பார்த்தேன். அத்தைதான், "எதுக்கு எலிக்குப் போடறே? முடிச்சுக் குடு, மார்கழியில முழங்கால் குளிருது"ன்னாங்க.

சரி, வேலை. முதல்ல ஊசி. துரு துணியைத் தின்னுடும், விட்டு வைக்க முடியாது. மெதுவா உருவினேன், பழுப்புக் கறை மட்டும் இருக்கு. ஈர வெள்ளைத் துணியை ஒத்திச் சாயம் போகுதான்னு பார்த்துட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணியில முக்கி, பிழியாம, கயித்துக் கட்டில்ல நிழல்ல விரிச்சேன். எலி கடிச்ச இடத்துல முதல்ல புதுத்துணி வச்சேன், தப்பு. புதுசு விறைப்பா இருக்கும், பழசை ஓரத்துல அறுத்துடும். அப்புறம் அம்மாவோட பழைய நூல் புடவைத் துண்டை அடியில கொடுத்தேன். நூலையும் இறுக்கி இழுக்கக் கூடாது. நம்ம வீடுகள்ல இது நின்னதுக்கும் அதான் காரணமோன்னு தோணுச்சு. பாலியஸ்டர் புடவை நைஞ்சு மெத்துன்னு ஆகறதே இல்லை, அடுக்கினா வழுக்கும். ஆத்தாத்துக்கு விலைக்குச் சென்னிமலைப் போர்வையும் கிடைக்குது.

உத்தர கன்னடத்துல சித்தி மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளி, அவங்களும் கவந்தின்னு இதே மாதிரி தைக்கறாங்க. ஓரத்துல ஆரம்பிச்சுச் சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. கடைசியா நாலு மூலையிலயும் மடிச்ச சின்னத் துணிப்பூ வைக்கணும். அது இல்லாட்டி கவந்தி அம்மணமா இருக்குன்னு சொல்வாங்களாம்.

ஆயா போட்டது வெள்ளை நூல். நான் சிவப்பு நூல் எடுத்தேன். "ஒரே நூலாப் போட்டா அழகா இருக்குமே"ன்னாங்க தங்கமணி. அதே நூலா போட்டா ஆயா முடிச்ச மாதிரி ஆயிடும். அவங்க முடிக்கலை. எங்க நிறுத்தினாங்கன்னு தெரியணும். துருக் கறையையும் அப்படியே விட்டுட்டேன். என் தையல் கோணல்மாணல், அதுவும் தெரியட்டும்.

அளவு முழங்காலுக்குச் சரியா இருக்கு. மூலைக்குத் துணிப்பூ வைக்கலாமான்னு அத்தையைக் கேட்டேன்.

"மூணு போதும்"னாங்க. ஏன்னு நான் கேக்கலை.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒண்ணு கிடைச்சா, துவைக்கறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்க யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுடுங்க.