தூங்கும் சுறா

எங்கள் ஏனாத்தூருக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஏரி உண்டு, அதில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் உண்டு. சுறா என்றால், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் புட்டு செய்து போடுகிற மீன். அதற்குமேல் ஊரில் யாருக்கும் அதைப்பற்றிக் கவலையில்லை.

அப்படிப்பட்ட ஊரில், "நான் தூங்குகிற சுறாவைப் பார்த்தவன்டா!" என்று என் தாத்தா சொன்னால் யார் நம்புவார்கள்? 1940-ல், பத்து வயதுப் பையனாக, அவருடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சென்னைக் கடற்கரையில் பார்த்தாராம். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முழ நீளத்தில், தொட்டிலில் கிடக்கிற குழந்தை மாதிரி மணலில் படுத்திருந்ததாம். "சுறா தூங்குமா தாத்தா? நீந்தாவிட்டால் செத்துப்போகும் என்று வாத்தியார் சொன்னாரே!" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். அதன்பின் அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

தாத்தா போன இடம் கற்பனை அல்ல. அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கார் தர்ஸ்டன், தென்னாட்டு ஜனங்களின் மூக்கையெல்லாம் அளந்து புத்தகம் போட்டவர், மீன்களையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய முயற்சியில், கவர்னர் ஆர்தர் லாலி காலத்தில், 1909-ல் மெரினாவில் கடல் மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. 1919-ல் அது மீன்வளத்துறையின் கைக்குப் போயிற்று. செத்த காலேஜையும் உயிர்க் காலேஜையும் பார்த்துவிட்டு வந்த நாட்டுப்புறத்தார் கடற்கரையில் இதையும் பார்த்துவிட்டு ரயிலேறினார்கள்.

வாத்தியார் சொன்னதும் பாதி உண்மைதான். பல சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும். அவற்றைச் சிறு தொட்டியில் அடைத்தால் பிழைப்பது அரிது. ஆனால் மூங்கில் சுறா என்று ஒரு சிறு ஜாதி நம் கடலிலேயே இருக்கிறது. இரண்டரை அடி வளர்ந்தால் பெரிது. பகலில் பாறை இடுக்கில் படுத்துக் கிடக்கும். இரவில் நண்டும் இறாலும் தேடிப் புறப்படும். கிடந்த கிடையிலேயே வாயால் நீரை உறிஞ்சிச் செவுள் வழியாகத் தள்ளும். அதனால்தான் உலகத்து மீன்காட்சிச் சாலைகள் இதை விரும்பி வளர்க்கின்றன.

இன்னொரு விசித்திரம். காஞ்சி மன்னன் இளந்திரையனைப் பாடிய உருத்திரங்கண்ணனாரே பட்டினப்பாலையும் பாடினார். அதில் பரதவர் சினைச் சுறவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். சுறா வயிற்றில் குட்டி சுமப்பது அன்றே தெரிந்த விஷயம். மூங்கில் சுறாவோ தோல் பை போன்ற கூட்டில் முட்டையிடுகிறது. குஞ்சு வெளிவர மாதங்கள் ஆகும். முட்டைக்குள் முதிர்ந்த குஞ்சு, எதிரி நெருங்குவதை அதன் உடலின் நுண்ணிய மின்சாரத்தால் உணர்ந்து, செவுள் அசைவை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கும் என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் எழுதினார்கள்.

1942-ல் சென்னையும் அப்படித்தான் மூச்சடக்கிக் கிடந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஜனங்கள் மூட்டை கட்டினார்கள். உயிர்க் காலேஜின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மீன்காட்சிச் சாலையையும் மூடினார்கள். தாத்தா பார்த்து இரண்டே வருஷம்!

இதையெல்லாம் நான் படித்தறிந்தபோது தாத்தா காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. கண்ணால் கண்டவர் வாயை மூடிக்கொண்டார். காணாத நான் சிரித்தேன். இப்போது மெரினாவுக்குப் போனால், என் மகனிடம் வெற்று மணலைக் காட்டிச் சொல்கிறேன்: "இங்கேதான்டா, உன் கொள்ளுத்தாத்தா தூங்குகிற சுறாவைப் பார்த்தார்."

அவன் சிரிக்கவில்லை. "எத்தனை நாழி பார்த்தார்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும்.